தொண்டு பூண்ட இல்லறம்

(அனுமந்தையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இல்லறம் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தனர். தமிழ்ப் பண்டிதர் ஒருவர் இல்லறத்தைப் பேசப் புகுந்தால் இன்னின்ன நூல்களை எடுத்து விரிப்பார் என்பது நீங்கள் அறிந்ததே. அவ்வாறு விரிப்பதற்கு யாமும் அஞ்சுபவர் அல்லோம். பள்ளிக்கூடத்தில் இருபது ஆண்டுகளாக அதனையே செய்து வருகின்றோம். ஆயினும் இன்று நூல்களை ஒருபுறம் வைத்து, வாழ்ந்து காட்டிய சிலரைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். கணவனும் மனைவியுமாகப் பிறர் ஊருக்குச் சென்று, அவ்வூரிலே குடியிருந்து, அவ்வூர் மக்களுக்காக உழைத்த தம்பதிகள் அவர்கள். அன்னோருடைய அன்றாட வாழ்க்கை எத்தன்மையது, அதில் யார் எதனைச் சுமந்தார் என்பதே எம் பொருள்.

தம்பதிகளாக உழைத்தல் இக்கரைக்குப் புதிதன்று. மரக்காணத்து அளங்களில் விடிவதற்கு முன்னரே சென்று பாருங்கள். பாத்தியில் ஆடவன் பலகை கொண்டு உப்பை வாரி ஒதுக்குகின்றான். அவன் மனைவி அதனைக் கூடையில் ஏற்றித் தலைச்சுமையாக மேட்டில் கொண்டு கொட்டுகின்றாள். வெயில் ஏறி வெண்ணிறப் பரப்பில் கண் கூசத் தொடங்குமுன் வேலை முடிய வேண்டும் என்பதால் இருவரும் ஒருங்கே இருட்டில் எழுகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் இவ்வாறே. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் நமக்கு அயலதாகிய இடைக்கழிநாட்டு நல்லூரினர். அந்நூலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர். உப்பு விற்ற உமணர் மனைவி மக்களோடும் வண்டியோடும் வழிச்செல்லும் காட்சி அந்நூலுள் உண்டு. ஆகவே கணவனும் மனைவியும் ஒரு தொழிலில் இணைதல் நெய்தல் நிலத்தார்க்கு யாரும் கற்பிக்க வேண்டிய பாடமன்று.

எனினும் அளத்தில் உழைப்பது தம் வயிற்றுக்கும் தம் மக்கள் வயிற்றுக்கும். கூலி கருதாது, தம் ஊரும் அல்லாத இடத்தில், இருவரும் கூடி உழைப்பது வேறு வகை. அதற்கு ‘தொண்டு’ என்று பெயர் சொல்லிவிடுகின்றோம். பெயர் எளிது, அதன் ஒரு நாளைக் கழிப்பது எளிதன்று.

முதலில் சற்றுத் தொலைவான ஓரிடத்தை நோக்குவோம். அமெரிக்க அரசாங்கம் 1961-ல் ‘பீஸ் கோர்’ என்னும் அமைதிப் படையைத் தொடங்கிற்று. படை என்பது பெயரளவே, துப்பாக்கி இல்லை. இளைஞரும் முதியோரும் இரண்டு ஆண்டுகள் அயல்நாட்டுச் சிற்றூர்களில் தங்கி, பள்ளிக்கூடங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் தொண்டு செய்வர். 1991 முதல் அவர்கள் மங்கோலியாவுக்கும் சென்றனர். மங்கோலியா பரப்பில் ஏறக்குறைய நம் நாட்டில் பாதி. ஆனால் மக்கள் அரைக் கோடியும் இல்லை. ஆடு, மாடு, குதிரை, ஒட்டகங்களின் தொகை மக்கள்தொகையினும் பன்மடங்கு. அந்நாட்டு மேய்ப்பர், மரச்சட்டத்தின்மேல் ஆட்டுமயிர்க் கம்பளம் போர்த்திய ‘கெர்’ என்னும் வட்டக் கூடாரத்தில் வாழ்கின்றனர். நடுவே ஓர் இரும்பு அடுப்பு. அதில் உலர்ந்த சாணம் எரியும். தலைநகராகிய உலான்பாட்டரிலேயே குளிர்காலத்து இரவில் வெப்பம் பூச்சியத்திற்கு 30 பாகை கீழே இறங்குவது உண்டு. நீரைக் கலத்தில் முகந்து சுமந்து வர வேண்டும். இவ்வூரார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று: அவர்கள் தேநீரில் பாலும் உப்பும் இட்டுப் பருகுகின்றனர், சர்க்கரை இல்லை!

அங்குச் செல்லும் தம்பதியின் நாள் எவ்வாறு கழியும் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் எழுந்தவுடன் அடுப்பு மூட்டாவிடில் கலத்து நீர் உறைந்திருக்கும். ஒருவர் அடுப்பைக் காக்க, ஒருவர் நீருக்குச் செல்ல வேண்டும். பின்பு இருவரும் தத்தம் பணிக்குப் போதல் வேண்டும். மொழி தெரியாத ஊரில் ஒருவருக்கொருவரே சுற்றமும் நட்பும் ஆவர். பூசல் வந்தால் கோபித்துக்கொண்டு தாய்வீடு போகவும் வழியில்லை. இப்படையில் யாம் வியந்த விதி ஒன்று உண்டு. தம்பதியாக விண்ணப்பிப்போர் இருவரும் தனித்தனியே தகுதி பெறல் வேண்டும். இருவர்க்கும் தனித்தனியே பணி உண்டு. கணவனுக்குச் சோறாக்கும் பொருட்டு மனைவி உடன்செல்லுதல் என்பது அங்கே இல்லை.

இவ்விதியை நினைவில் வையுங்கள். நம் நாட்டுத் தொண்டர் பலருடைய வரலாறு இவ்வுரைகல்லில் உரைத்தால் மாற்றுக் குறையும். நாட்டுக்கு உழைத்தவர் என்று ஆடவர் ஒருவரைப் புகழ்கின்றோம். அவர் சிறை சென்ற நாளில் வீட்டில் உலை ஏற்றியவள் யார், பிள்ளையின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் விழித்தவள் யார் என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. அஃது ஒருவர் தொண்டு, மற்றொருவர் துன்பம். இருவர் தொண்டு என்று அதனைக் கூறுதல் பொருந்தாது.

இருவர் தொண்டு என்று கூறத் தகுவது எது? அதற்குத்தான் நம் தமிழ்நாட்டுக்கு வருகின்றோம்.

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியருகே காந்திகிராமம் என்னும் நிறுவனம் உள்ளது. 1947-ல் அதனை நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரன் அவர்களும். அம்மையார், டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளார். இளமையிலே கணவனை இழந்தவர். அதன் பின்னர் மருத்துவம் கற்றவர். இராமச்சந்திரன் கேரள நாட்டினர், வேறு வகுப்பினர். இருவரும் மணக்க விரும்பியபோது, ஓராண்டு ஒருவரையொருவர் காணாதும் எழுதாதும் இருந்து, அதன் பின்னும் உள்ளம் மாறாதிருந்தால் மணக்கலாம் என்று காந்தியடிகள் கூறினார். அவ்வாறே இருந்து 1940-ல் மணந்தனர். நம் வீடுகளில் ஜாதகம் பார்க்கின்றோம். அடிகள் வைத்த தேர்வு அதனினும் கடிது.

அச்சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் மதுரையில் தங்கிக் கல்வி கற்ற ஏழைப் பெண்மணி ஒருவர்தாம் இவ்வுரையின் தலைவி. கிருஷ்ணம்மாள் என்பது அவர் பெயர். 1926-ல், பட்டிவீரன்பட்டிப் பக்கத்து அய்யன்கோட்டையில், நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். தாய் கருவுற்று முதிர்ந்த நாளிலும் வயலில் குனிந்து உழைத்ததைக் கண்டு வளர்ந்தவர். அவ்வறுமையிலும் பட்டப்படிப்பு வரை கற்றார். ஜகந்நாதன் அவர்களோ இராமநாதபுரம் சீமையில் செல்வக் குடியில் தோன்றியவர். உயர்ந்ததென்று கருதப்பட்ட வகுப்பினர். 1930-ல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறினார். அமெரிக்கப் பாதிரியாராக வந்து காந்தியத்தில் கலந்த கெய்தான் என்பாருடன் சேர்ந்து ஏழைகளிடையே உழைத்தார். 1942-ன் கிளர்ச்சியில் சிறை சென்றார்.

சர்வோதய இயக்கம் இவ்விருவரையும் ஒன்று கூட்டிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னரே மணப்பது என்று உறுதி பூண்டனர். 1950-ல் அம்மணம் நிகழ்ந்தது.

மணந்த பின் என் செய்தனர்? 1951-ல் வினோபா அடிகள் தெலுங்கு நாட்டுப் போச்சம்பள்ளியில் பூமிதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலமுடையாரிடம் நிலமிலார்க்காக நிலத்தை இரந்து பெற்று, ஊர் ஊராக நடந்தார். ஜகந்நாதன் வடநாடு சென்று அவருடன் நடந்தார். புது மனைவி அவ்வேளையில் கண்ணீர் வடித்துக் காத்திருக்கவில்லை. சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று முடித்தார். அவர் திரும்பி வந்ததும் இருவரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நடந்தனர். 1953 முதல் 1967 வரை இவ்வியக்கமே அவர்கள் குடும்பத் தொழிலாயிற்று. இந்திய நாடு முழுவதிலும் இவ்வியக்கத்தால் ஏறக்குறைய 40 இலட்சம் ஏக்கர் நிலமிலார்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது என்பர்.

பதினான்கு ஆண்டுகள் நடந்தவர்களுக்கு வீடு எங்கே? இரந்து பெற்ற நிலத்தில் ஒரு குழியும் தமக்கென்று வைத்துக்கொள்ளாதவர் அவர்கள். அவர்களுக்கு மகன் ஒருவரும் மகள் ஒருவரும் பிறந்தனர். தொண்டர் வீட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போவர் என்று நம்மவர் உறுதியாக நம்புகின்றனர். அப்பிள்ளைகள் இருவரும் மருத்துவர் ஆயினர் என்பதை மட்டும் சொல்லி மேற்செல்கின்றோம்.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அக்காலத்துத் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நிகழ்ந்ததை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டீர்கள். கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் சேரிக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு குடிசைக்குள் புகுந்து ஒளிந்த 44 பேர் வெந்து மாண்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். செய்தி கேட்டவர் பலர், வருந்தினவரும் பலர், வந்து பார்த்துச் சென்றவரும் பலர். இத்தம்பதி அங்கே சென்று தங்கினர். நாற்பதைக் கடந்த பெண்மணியும் ஐம்பதைக் கடந்த அவர் கணவரும், உறவு ஒருவரும் இல்லாத நாட்டுப்புறத்தில், இரு சாராரும் ஒருவரையொருவர் அஞ்சிக் கிடந்த காலத்தில், அங்கே குடியேறினர். அதற்குப் பின் அவர்கள் வாழ்வின் பெரும்பகுதி கீழைத் தஞ்சையிலே கழிந்தது.

அப்பகுதியில் அவர்கள் செய்தது யாது? 1981-ல் ‘லாப்டி’ எனச் சுருக்கமாக வழங்கும் உழுவோர் நில இயக்கத்தைத் தொடங்கினர். அதன் வேலைமுறையைச் சற்று விளங்கச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் தொண்டின் உண்மையான நாளைப் பேரணிகளில் காண முடியாது, இதில்தான் காணலாம். நிலமுடையாரைப் பகைத்துப் பறிப்பது அவர்கள் வழியன்று. நிலமுடையாரையும் நிலமிலாரையும் ஒரே பாயில் அமர்த்தி, நியாய விலை பேசுவர். விலைக்குப் பணம் வேண்டும். நிலமிலார்க்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வரவில்லை. பணம் கிட்டினாலும் பத்திரம் பதிய முத்திரைக் கட்டணம் மிகுதி. ஆகவே வங்கிப் படி ஏறுதல், ஆட்சித்தலைவர் அலுவலகத்து வாயிலில் நிற்றல், பதிவு அலுவலகத்தில் காத்திருத்தல், கோப்பு எங்கே நின்றது என்று வினவுதல், மறுநாளும் வருமாறு சொல்லக் கேட்டு மறுநாளும் போதல். ஆண்டுக்கணக்கில் அவர்கள் நாட்கள் இவ்வாறு கழிந்தன. உண்ணாநோன்பு இருந்தால் செய்தித்தாள் எழுதும். பதிவு அலுவலகத்துத் திண்ணையில் ஒரு பகல் உட்கார்ந்திருந்ததை எந்தச் செய்தித்தாள் எழுதும்?

இவ்வாறு 2007-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 13,000 ஏக்கர், ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்குக் கைமாறிற்று. குடும்பத்துக்கு ஏக்கர் ஒன்று. நிலம் குடும்பத்துப் பெண்மணியின் பெயரில் எழுதப்பட்டது. ஏன் பெண் பெயரில் என்று கேட்போர்க்கு ஒன்று கூறுகின்றோம்: ஆண் பெயரில் எழுதிய ஏக்கர் எத்தனை கள்ளுக்கடையிலும் சாராயக்கடையிலும் கரைந்தது என்பதை இவ்வூரிலேயே விரல்விட்டு எண்ணலாம். வேளாண்மை இல்லாத மாதங்களில் பாய் முடைதல், தையல், தச்சு, கொத்துவேலை முதலியன கற்பித்தனர். நம் அளங்களில் மழைக்காலத்தில் வேலை நின்றுபோகும் அத்தனை வாரமும் உலை எவ்வாறு ஏறுகின்றது என்று எண்ணுவோர், அவ்வேற்பாட்டின் அருமையை உணர்வர்.

இனி, இவ்வில்லறத்தின் உள்ளே சற்று நோக்குவோம். இவர்களுள் தொண்டர் யார், தொண்டர்க்குத் துணை யார்? சொல்ல முடியாது. அவசரநிலை அறிவிக்கப்பட்ட 1975-ல் ஜகந்நாதன், ஜெயப்பிரகாசர் பக்கம் நின்று பீகாரில் சிறைப்பட்டார். நிலப்பேச்சில் முன்னின்றவர் கிருஷ்ணம்மாள் அம்மையார். சேரியில் பிறந்த ஒரு பெண், பண்ணையார் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நிலத்துக்கு விலை பேசுகின்றாள்! இஃது எத்துணைப் பெரிய மாறுதல் என்பதைக் கீழைத் தஞ்சையின் பழைய வழக்கத்தை அறிந்தவரே மதிப்பிட வல்லார். ஒருவர் வெளியூர் போனால் மற்றவர் பணியை மேற்கொள்கின்றார்; ஒருவர் சிறை சென்றால் மற்றவர் தொடர்கின்றார். ஏரில் பூட்டிய இரு காளைகள் என்று உவமிக்க நா எழுகின்றது. ஆயின் காளைகள் தம் விருப்பால் பூண்டன அல்ல. ஆகையால் அவ்வுவமையை விட்டுவிடுகின்றோம். அளத்துப் பலகையும் கூடையும் என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. வாராமல் சுமக்க இயலாது. சுமக்காமல் வாரியது மழையில் கரையும்.

இத்தம்பதிக்கும் நம் கரைக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் கிழக்குக் கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் பெருகின. பெருநகரங்களிலிருந்து வந்த நிறுவனங்கள் வயல்களை வாங்கிக் குளமாக வெட்டி, கடல்நீரையும் கழிநீரையும் இறைத்து நிரப்பின. சில ஆண்டுகள் இலாபம் பெருகிற்று. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் பரவி இறால் மடிந்ததும், பலர் குளங்களை அப்படியே விட்டகன்றனர். பக்கத்து வயலில் உப்பு ஏறிற்று. கிணற்று நீர் கரித்தது. வயல் போனமையால் கூலியாட்களுக்கு வேலையும் போயிற்று. உப்பேறிய மண்ணை நெல்லுக்குத் திருப்ப எத்தனை மாரி வேண்டும் என்பதை உப்பளத்தார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

அரும்பாடுபட்டு வாங்கித் தந்த ஏக்கர்கள் அருகே இவ்வழிவு நேர்ந்ததைக் கண்டு, 1992 முதல் இத்தம்பதி மீண்டும் தெருவில் இறங்கினர். ஜகந்நாதன் அப்போது எண்பதை ஒட்டிய முதியவர். அவர் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நாகபுரியில் உள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தார் கடற்கரைகளை ஆராய்ந்து, வரும் இலாபத்தினும் விளையும் கேடு மிகுதி என்று அறிக்கை தந்தனர். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் தீர்ப்புக் கூறினர். கடற்கரை ஒழுங்குமுறை வட்டத்துள், பழைய முறையில் வளர்ப்பன ஒழிந்த இறால் குளங்கள் கூடா என்றனர். அன்றியும் வேளாண் நிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றலாகாது என்றனர். உப்பள நிலம் என்னும் சொல் அத்தீர்ப்பில் இருக்கின்றது, அன்பர்களே! கீழைத் தஞ்சையில் ஒரு கிழவரும் ஒரு கிழவியும் தொடுத்த போராட்டத்தில், மரக்காணத்து அளத்தையும் காக்கும் சொல் ஒன்று பிறந்தது. அது நம்மவர் பலர்க்குத் தெரியாது.

தெரியாததற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2005-ல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு அதிகார அமைப்புச் சட்டத்தை இயற்றிற்று. அதனால் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்தது. தீர்ப்பின் வலிமை பெரிதும் தளர்ந்தது. கழுவெளியைச் சுற்றியும் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் குளங்களைக் காண்கின்றீர்கள். வென்றனர் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது முழுமெய் ஆகாது. இவ்விருவர்க்கும் 2008-ல் சுவீடன் நாட்டு ‘நல்வாழ்வுரிமை விருது’ வழங்கப்பட்டது. ஜகந்நாதன் 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் காலமானார். அம்மையார்க்கு 2020-ல் பத்மபூஷண் பட்டம் அறிவிக்கப்பட்டது.

காந்திகிராமத்தை முன்னர்க் கூறினோம். அவ்வூர் மருத்துவமனையில் பணி புரிந்த இளந்தம்பதி டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா என்போர். கேரளத்தில் மருத்துவம் கற்றவர்கள். மருத்துவர் இல்லாத இடத்தில் உழைப்போம் என்று ஓராண்டு நாடு சுற்றிப் பார்த்து, 1993-ஐ ஒட்டித் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையருகே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். அங்கே மலையாளி என்னும் மலைவாழ் மக்கள் வாழ்கின்றனர். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் மடிந்த நாடு அது. மண்சுவரும் கூரையுமாக ஊரார் துணையுடன் ஒரு குடில் கட்டி, மின்விளக்கு ஒன்றின் ஒளியில் பிரசவம் பார்த்தனர். அவ்வூர்ப் பெண்களையே பயிற்றி மருத்துவத் துணையாளராக்கினர். பின்னாளில் அவ்விறப்புத் தொகை ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிற்று. நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, உணவு வேண்டும் என்று கண்டு உழவரைக் கூட்டினர்; உணவுக்குக் காசு வேண்டும் என்று கண்டு, லம்பாடிப் பெண்டிர் மறந்துகொண்டிருந்த பூத்தையலை மீட்டனர். கட்டடக் கலை கற்ற வேறொரு தம்பதியும் அப்பள்ளத்தாக்கிற் குடியேறி, ‘துளிர்’ என்னும் கல்வி நிலையத்தை நடத்தினர். ஒரு தம்பதி நிலைத்தால் இன்னொரு தம்பதிக்கு இடம் உண்டாகின்றது. தனித் தொண்டர் வருவார், போவார். குடும்பமாக வந்தவர் அடுப்பு வைக்கின்றார். அடுப்பு வைத்தவரை ஊர் நம்புகின்றது.

மங்கோலியா செல்லும் தம்பதிக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இங்கேதான். அவர்களுக்கு இரண்டு ஆண்டு எல்லை உண்டு. குளிர் எத்துணைக் கொடிதாயினும் எண்ணி முடிக்கலாம். இவர்களுக்கு எல்லை இல்லை. பிள்ளையின் படிப்பும், பெற்றோரின் முதுமையும், தம் முதுமையும் அவ்வூரிலேயே வருகின்றன. இரண்டு ஆண்டுத் தொண்டு இழிந்தது என்று யாம் கூறவில்லை. அந்த அளவேனும் நம் இளைஞர் செய்வாராயின் மகிழ்வோம்.

இப்பொழுது, கூட்டம் தொடங்குமுன் எம்மிடம் மெல்லக் கேட்கப்பட்ட ஒரு வினாவுக்கு வெளிப்படையாகவே விடை கூறுகின்றோம். கலப்பு மணம் செய்தாரைப் பற்றி நம் குலச் சங்கத்து மேடையில் பேசுவது தகுமா, அது நம் திங்களிதழில் அச்சேறலாமா என்பது வினா. சௌந்தரம் அம்மையார் மணமும் கலப்பு மணமே. கிருஷ்ணம்மாள் அம்மையார் மணமும் கலப்பு மணமே. அதனை மறைத்து அவர்கள் தொண்டை மட்டும் எடுத்துக் கூறுதல், கரும்பைச் சாறு நீக்கித் தருவது போலாம். கீழைத் தஞ்சையில் சேரியாரும் பண்ணையாரும் அவ்விருவரை ஒருங்கே நம்பியதற்கு அம்மணமே பெருங்காரணம் என்பது எம் துணிபு. அவ்வீட்டுக்குள் இரு பக்கமும் ஏற்கெனவே உடன்பட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. நம் சங்கம் நம் பிள்ளைகளின் கல்விக்காகவும் ஏழை வீட்டுக் கலியாணத்துக்காகவும் கூடியது. அதில் எமக்குப் பெருமை உண்டு. ஆனால் நம்மவர் நம்மவர்க்குச் செய்வது கடன். பிறர்க்குச் செய்வதுதான் தொண்டு. இது கசப்பாயின் கசப்பாகவே இருக்கட்டும்.

வீண்பேச்சாக இது முடியாதிருக்கும் பொருட்டு ஒன்று கேட்கின்றோம். நாளை இரு இளைஞர், கணவனும் மனைவியுமாக, அளத்துப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தவோ, உப்பில் வெடித்த கால்களுக்கு மருந்து இடவோ, அனுமந்தைக்கு வந்து ஓராண்டு தங்க விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு தருபவர் இங்கே எத்தனை பேர்? வீடு கேட்டு வந்தவரிடம் முதலில் கேட்கும் கேள்வி எது என்பது உங்களுக்கும் தெரியும், எமக்கும் தெரியும். அக்கேள்வியைக் கேளாது திறவுகோலைத் தருவதற்கு ஒரு வீடு வேண்டும். சங்கக் கட்டடத்தின் பின்புறத்து இரண்டு அறைகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. அவற்றுக்கு ஒரு அடுப்பங்கரையும் நீர்க்குழாயும் அமைப்பதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, அடுத்த செயற்குழுவில் வைக்குமாறு பொருளாளரை வேண்டுகின்றோம். எம் பங்காக ஒரு திங்கட் சம்பளத்தைத் தருகின்றோம்.

இங்குள்ளோருள் பலர் விடியுமுன் அளத்துக்குச் செல்ல வேண்டியவர்கள். ஆகலின் இத்துடன் நிறுத்துகின்றோம். அறைகளைப் பற்றி மறுப்பு உடையவர்கள் இப்பொழுதே எழுந்து சொல்லலாம்.